பரோட்டாவின் மீது சுமத்தப்பட்ட பழி: ஒரு காலவியல் ஆய்வு

தமிழ் வீடுகளில் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியதும், அவர் கழிப்பறைக் கதவைத் தாழிடும் முன்பே ஆய்வு தொடங்கிவிடுகிறது. “நேத்து ராத்திரி என்ன தின்னே?” என்பது அதன் முதல் வினா, பெரும்பாலும் கடைசி வினாவும் அதுவே. உள்ளேயிருந்து ‘பரோட்டா’ என்ற ஒரு சொல் வந்துவிட்டால் தரவு சேகரிப்பு முடிந்தது. வராவிட்டால், வரும்வரை கேட்கப்படும். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடும் இம்முறை பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததா, வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனதா என்பது தனி ஆய்வுக்குரியது. வழிகாட்டி கிடைத்தால் செய்யலாம். இங்கு நாம் நிறுவ முயல்வது ஒன்றே: பரோட்டா பெரும்பாலும் நிரபராதி, அதைப் பிடித்துக்கொடுத்த அவசரத்தில் உண்மைக் குற்றவாளி தப்பியதோடு, நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கவும் வீட்டார் மறந்துவிடுகின்றனர்.

மேற்படி நம்பிக்கையை ‘கடைக் கோட்பாடு’ எனப் பெயரிடுகிறோம். ‘கடை’ என்பதற்கு இறுதி என்றும் பொருள், அங்காடி என்றும் பொருள். கடைசியில் தின்றதே காரணம், கடையில் தின்றதே காரணம் என்னும் இரு கூற்றுகளையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி பிறிதொன்று இருப்பதாகத் தெரியவில்லை, தேடவும் இல்லை. ‘கடைதல்’ என்னும் வினையையும் சேர்த்துக்கொண்டால் ஆய்வு முழுமை பெறுகிறது: கடையில் தின்று, கடைசியில் நொந்து, கடைந்த மோரில் தேறுவதால் நோய், காலம், மருந்து மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை ஆகின்றன. இவை வெவ்வேறு வேர்களாக இருக்கலாமே என்று ஐயுறுவோர் உண்டு. மூன்று சொற்கள் ஒத்து ஒலித்தால் அவற்றைக் கொண்டு ஒரு நாகரிகத்தையே எழுப்பி, அதற்கு விழாவும் எடுத்துவிடுகிற அறிஞர்கள் நம்மிடையே இருக்கையில், நாம் கேட்பது ஒரே ஒரு வயிறு. இக்கோட்பாட்டுக்கான மூலச் சான்றுகளும் வலுவானவை (அத்தை, கூடத்து உரை, காலை, அதே அத்தை, தொலைபேசிவழி விளக்கவுரை, மாலை, மாறுபட்ட பாடத்துக்குப் பெரியம்மாவின் மறுப்புரை, மேலும் காண்க: மாடிவீட்டுப் பாட்டி, ‘நான் அப்பவே சொன்னேன்’, மூன்றாம் பதிப்பு, திருத்தியும் விரித்தும். முதற்பதிப்பைக் கண்டவர் எவருமில்லை).

இனி காலக் கணக்கு. இரவு 9 மணிக்குப் பரோட்டா, விடியற்காலை 5 மணிக்கு வயிற்றுப்போக்கு எனக் கொள்வோம். இடைவெளி 8 மணி நேரம். உலகெங்கும் வாந்தி பேதிக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று நோரோவைரஸ். 1968இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நார்வாக் என்னும் ஊரில் ஒரு பள்ளியைப் படுக்கவைத்து, அவ்வூர்ப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்ட கிருமி இது. உள்ளே புகுந்து வேலையைக் காட்ட இது வழக்கமாக 12 முதல் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் நம் நோயாளியின் வயிற்றுக்குள் அது நேற்று மாலை 5 மணிக்கு முன்பே நுழைந்திருக்க வேண்டும். பரோட்டா மாவு அப்போது பிசைந்தபடி ஊறிக்கொண்டிருந்தது. சால்மொனெல்லா 6 மணி நேரத்திலும் வரும், 6 நாள் கழித்தும் வரும். கேம்பிலோபேக்டர் பொதுவாக 2 முதல் 5 நாள் எடுக்கும். எனவே விசாரிக்கப்பட வேண்டியவை முந்தாநாள் கல்யாணப் பந்தி, அதற்கும் முந்தைய நாள் தண்ணீர்க் குடம், பேதியோடு வந்து மடியில் உட்கார்ந்து கொஞ்சிவிட்டுப் போன உறவினர் வீட்டுக் குழந்தை ஆகியவை. ஆனால் உறவினர் வீட்டுக் குழந்தையைச் சந்தேகிக்கும் துணிவு எந்த அத்தைக்கும் இல்லை. பரோட்டாவுக்கோ உறவினர் கிடையாது.

இங்கே மறுப்பாளர் எழுந்து, சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே தாக்குமே என்பார். உண்மை, ஆனால் அது அவருக்கே பாதகமானது. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் கறிக்குழம்பில் பெருகும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடிக்கும். நமது 8 மணி நேரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எனில் பழி சால்னாவுக்குப் போகட்டும். சுடச்சுடக் கல்லிலிருந்து எடுத்த பரோட்டா அதில் நனைந்ததன்றி வேறு என்ன செய்தது? இன்னும் வேகமானது பேசிலஸ் சீரியஸ். சமைத்த சோற்றை வெளியிலேயே விட்டுவைத்தால் அதில் இக்கிருமி ஒரு நஞ்சை உண்டாக்கும். அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி. திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. மதியம் வடித்த சோற்றை மாலைவரை அடுப்படியில் வைத்திருந்து இரவு தாளித்துப் பரிமாறிய வீடு எது என்ற வினாவைக் கடைக் கோட்பாட்டினர் இதுவரை எழுப்பியதில்லை (அடுப்படி, மேடையின் இடப்பக்கம், மூடாத பாத்திரம், நேரில் கண்டது, ஆய்வாளர் உடனே வெளியேற்றப்பட்டார்).

சூடு, கண்ணேறு என அத்தைமார் சொல்லும் மற்றக் காரணங்கள்: இவை அடுத்த பதிப்பில்.

காரணத்தை விட்டுக் காரியத்துக்கு வருவோம். வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் வெளியேறுவதுதான். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே போகின்றன, நீர் அவற்றின் பின்னே போகிறது. இதுவே உப்பு சர்க்கரைக் கரைசலின் மொத்தச் சூத்திரம். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலையே வாய்வழி கொடுத்து, இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். யார் என்ன தின்றார்கள் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சிறந்தது, அதில் அச்சிட்ட அளவு நீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மீண்டும் மடக்கு மடக்காக. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் மோரும் நல்லவை. அந்த வகையில் நமது வேர்ச்சொல் ஆய்வு தற்செயலாகச் சரியாகிவிட்டது. கலர் சோடா கூடாது, அதிலுள்ள மிகைச் சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டும். வைரசுக்கு ஆன்டிபயாட்டிக் பயனற்றது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குழிந்த கண், பல மணி நேரமாக நீர் பிரியாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் அதுவரை காத்திருக்கவே கூடாது. நோரோவைரசிடம் கைகளில் தடவும் சானிடைசர் அவ்வளவாகச் செல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் செல்லும். தேறியவர் இரண்டு நாளாவது அடுப்படிப் பக்கம் போகாதிருக்கட்டும்.

அத்தைமாருக்கு ஒரு விண்ணப்பம்: வினாவைக் கைவிட வேண்டாம், கரைசலைக் கலக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் வெளியே வந்தபின் கேளுங்கள்.