காயப்போடாதீர்கள்!

ஏரி தூர்வாரும்போது சேற்றுக்குள் ஒரு பழைய கட்டை தட்டுப்பட்டது. எடுத்து வெயிலில் உலர்த்தி வைக்கட்டுமா?
_வாசகர், ஏம்பலம்_

வேண்டவே வேண்டாம்! இன்னும் சேற்றில்தான் கிடக்கிறதென்றால் மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். வெளியே எடுத்துவிட்டீர்களா? ஈரச்சாக்கு சுற்றி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நிழலில் வையுங்கள். சாக்கு காயவே கூடாது. தேய்த்துக் கழுவாதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.

சேற்றில் பல நூறு ஆண்டு கிடந்தது, நாலு நாள் வெயிலுக்கா போய்விடும்?
_வாசகி, பாகூர்_

போய்விடும். ஆழச் சேற்றில் காற்று புகாது. அதனால் கரையானும் பூஞ்சையும் அண்டாது. ஆனால் காற்று குறைந்த இடத்திலும் பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. மரத்துக்கு வலுத்தரும் செல்லுலோஸை அவை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் லிக்னின் கூடு. தின்ற இடத்தையெல்லாம் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நிற்பதால்தான் கட்டை முழுசாகத் தெரிகிறது. உலரும்போது வெளியேறும் நீர் அந்த மெலிந்த சுவர்களை உள்பக்கம் இழுத்து நொறுக்கும். கட்டை சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். பிறகு எத்தனை நாள் ஊறப்போட்டாலும் பழைய உருவம் வராது.

அப்படியானால் ஆயுசுக்கும் தண்ணீர்த் தொட்டிதானா?
_வாசகர், வில்லியனூர்_

இல்லை. நீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை ஏற்றி, பிறகு பையப் பைய உலர்த்துவார்கள். சிறிய பொருள்களை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துவதும் உண்டு. அவசரம் மட்டும் கூடாது: 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலுக்கு இந்தப் பொருளின் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

நம் பக்கம் இப்படி மரம் கிடைத்ததுண்டா?
_வாசகர், கரையாம்புத்தூர்_

உண்டு. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007இல் சுமார் 6 மீட்டர் நீளத் தோணி ஒன்று கிடைத்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. பக்கத்திலேயே படகு கட்டும் தேக்கு முளைகளும் இருந்தன. பூம்புகாரை ஒட்டிய கீழையூரில், 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறையும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. உங்களுக்குப் பக்கத்து அரிக்கமேடும் ஒரு காலத்தில் ஆற்றோரத் துறைமுகம்தான். அங்கே கிடைத்த மணிகளையும் ரோமானிய ஓடுகளையும் பற்றிப் பேசும் நாம், மரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

என் கட்டையில் எழுத்து, சிற்பம் ஒன்றுமே இல்லையே?
_மறுபடியும் ஏம்பலம் வாசகர்_

உளி பட்ட தடம் இருக்கும், என்ன மரமென்று தெரியும், கரிமக் கணிப்பில் காலம் கிடைக்கும். கீழையூர் படகுத்துறை கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்ற கணக்கே அங்கே நின்ற ஒரு மரத்தூணிலிருந்து வந்ததுதான். சாக்கை நனைத்தீர்களா?