ஒரு சாண் தள்ளி நில்லுங்கள்

கேள்வி: வீட்டில் ஓரிடத்தில் செல்போன் பேச்சு வெட்டி வெட்டி வருகிறது. கொஞ்சம் நகர்ந்தால் தெளிவாகிவிடுகிறதே, எப்படி?

பதில்: டவர் அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, எதிர்க் கட்டடம் என்று முட்டி மோதிப் பல வழிகளில் வந்து சேரும். ஒன்றின் மேடும் மற்றொன்றின் பள்ளமும் ஓரிடத்தில் சந்தித்தால் இரண்டும் காலி. வெளிப்பகையே வேண்டாம், பங்காளிச் சண்டையே போதும்! 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. அதில் கால் பங்கு நகர்ந்தாலே செத்த இடம் உயிர்பெறலாம்.

பேச்சு மங்காமல் வெட்டி வெட்டி வருவது ஏன்? அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி பறக்கும்; படம் ஓடும். செல்போன் போன்ற டிஜிட்டலில் பிழைதிருத்தம் முடிந்தவரை தாங்கும், எல்லை தாண்டினால் சட்டென்று மௌனம். வைஃபைக்கு வெளிப்பகையும் உண்டு: அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு. ரௌட்டரை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.