கரித்துணிக்கும் ஒரு மடிப்பு

வங்கியில் ஆயுசெல்லாம் அடுத்தவர் கணக்கை நேர்செய்தவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால், இங்கேயும் எதையாவது நேர்செய்யத்தான் பார்ப்பார். சிலர் மருமகளை எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரர், எங்கள் நல்ல காலம், பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டார்.

சட்டை, வேட்டி என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பிறகு தலையணை உறை. அப்புறம் டபுள் காட் பெட்ஷீட். டைனிங் டேபிள் விரிப்பை ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்து விரித்து, அதன்மேல் குழம்பு சிந்திவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினார். ஒரு நாள் அடுப்படிக்குப் போனால், கரித்துணி நாலாய் மடித்து, ஓரம் கத்தியாய் நிற்கிறது. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. பால் பாத்திரத்தைப் புடவைத் தலைப்பால் பிடித்து இறக்கினேன்.

முதலில் இந்த வேலையைத் தெருமுனை இஸ்திரி வண்டியிடம்தான் ஒப்படைக்கப் பார்த்தார். அந்தம்மா பெட்ஷீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேணாம் சார். நாப்பது ரூவா குடுத்தாலும் கட்டாது. வண்டி முழுக்க இதுவே படுத்துக்குது. இந்தப் பக்கம் தேய்ச்சா அந்தப் பக்கம் தெருவைப் பெருக்குது. இதுக்கு ஆவுற நேரத்துல நாலு சட்டை போட்டுருவேன்."

அவர் சொன்னது கணக்குப்படி சரி. எங்கள் பெட்ஷீட் 90க்கு 100 அங்குலம். அதாவது 62 சதுர அடிக்கு மேல். சென்னையில் அவ்வளவு இடத்துக்குச் சமையலறை என்று பெயர் வைத்து ஃபிளாட்டே விற்கிறார்கள். இவரோ அசரவில்லை. ஹாலில் ஜமுக்காளத்தை விரித்து, 1000 வாட் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். மணிக்கு ஒரு யூனிட். அரசு தரும் இலவச மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் வீட்டில் இப்போது சுருக்கம் எடுக்கப் போகிறது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும். முதல் காரணம், மூட்டைப்பூச்சி. சூடு பட்டால் செத்துவிடுமாம். செத்துவிடும்தான், அது விரிப்பில் குடியிருந்தால். கட்டில் சட்டத்தின் இடுக்கும் மெத்தையின் தையலும் இருக்கும்போது, வாராவாரம் துவைக்கப்போகிற துணியில் குடியேற அதற்கென்ன பைத்தியமா?

இரண்டாவது காரணம் என் அண்ணன். கம்பாலாவில் வெகுகாலம் வேலை பார்த்தவன். ஆப்பிரிக்காவில் தும்பு ஈ என்று ஒன்று இருக்கிறது. வெளியே உலர்த்திய ஈரத் துணியில் முட்டை இடும். அந்தத் துணியை உடுத்தினால், அதில் படுத்தால், புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாய்க் கிளம்பும். அதனால் அங்கே பெட்ஷீட் முதல் ஜட்டி வரை தேய்க்காமல் யாரும் தொட மாட்டார்கள். அண்ணன் ஊர் திரும்பி மாம்பலத்தில் குடியேறிய பிறகும் ஜட்டியைத் தேய்த்துத்தான் போடுகிறான். இவருக்கு அது போதும். "உங்க அண்ணனே தேய்க்கிறான்!" மாம்பலத்தில் கொசு உண்டு, ஈ உண்டு, தும்பு ஈ கிடையாது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள். ஆகவே ஒரு நாள் ஜமுக்காளத்தில் எதிரே உட்கார்ந்து பாடமே நடத்தினேன்.

"பருத்தின்னா செல்லுலோஸ். அந்தச் சங்கிலிகளை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்பு. ஈரமும் சூடும் பட்டா பிடி விடும். காஞ்சு ஆறும்போது எப்படிக் கிடக்கோ அப்படியே திரும்பவும் பிடிச்சுக்கும். தட்டையா இருந்தா மடிப்பு, சுருண்டு இருந்தா கசங்கல். துணிக்கு ரெண்டும் ஒண்ணுதான். இஸ்திரிக்கு வேண்டியது சூடு, ஈரம், கனம். சரியா? இப்போ, 37 டிகிரி சூடு, ராத்திரி பூரா வியர்வை, எண்பது கிலோ கனம். மூணும் இருக்கிற ஒரு பெட்டி பத்து மணிக்கு இதுமேல ஏறிப் படுத்து, விடியிற வரைக்கும் புரண்டு புரண்டு கசங்கலைப் பதிக்குது. 200 டிகிரியில நீங்க அரைமணி நேரம் செய்யறதை நீங்களே எட்டு மணி நேரம் அழிக்கிறீங்க."

முழுக்கக் கேட்டார். "எழுபத்தாறு" என்று எடையை மட்டும் திருத்தினார்.

பாலியஸ்டர் கலந்ததாக வாங்கிவிடலாமே என்று மகள் யோசனை சொன்னாள். கசங்காது, உண்மைதான். ஆனால் சித்திரை மாதத்தில் நாம் எழுந்திருக்கும்போது அதுவும் முதுகோடு எழுந்து வரும். கசங்காத காட்டன் என்று கடையில் காட்டுவது, அந்தச் சங்கிலிகளைப் பிசின் போட்டுக் கட்டிவைத்த துணி; இழை சீக்கிரம் நைந்துவிடும். அலசியதும் நன்றாக உதறி, கொடியில் நாலு மூலையையும் இழுத்துவிட்டு, காய்ந்ததும் மடித்து அடுக்கின் அடியில் வைத்தாலே பாதி இஸ்திரி ஆகிவிடும். என் அப்பா பேண்ட்டை மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்து, காலையில் அதையே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போன தலைமுறை. அவர் வீட்டு இஸ்திரிப்பெட்டி அவரேதான்.

கடைசி அஸ்திரமாக, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2020இல் சர்வதேசப் பரிசு வாங்கிய திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை இழுத்தேன். மறு ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலேயே பேசிய பெண். "கரியை மிச்சம் பண்ண ஒரு சின்னப் பொண்ணு அவ்வளவு பாடுபடுறா. நீங்க கரித்துணிக்குக் கரண்டைச் செலவு பண்றீங்க."

அதற்குத்தான் ரயிலைக் கொண்டுவந்தார். "ஏசி கோச்சுல பழுப்புக் கவர்ல ரெண்டு வெள்ளை பெட்ஷீட் தர்றான். மடிப்பு கலைஞ்சிருந்தா நீ படுப்பியா? உடனே அட்டெண்டரைக் கூப்பிட்டு வேற கேக்கறே. அங்கே மட்டும் உன் ஹைட்ரஜன் எங்கே போச்சு?"

வாயடைத்துப் போனேன். கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ரயிலில் மடிப்பு என்பது அழகு இல்லை, சீல். நேற்றிரவு காட்பாடியில் இறங்கியவர் இதில் புரளவில்லை என்பதற்கு அத்தாட்சி. ஹோட்டலிலும் அதுதான். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அந்த அத்தாட்சி வேண்டும். காசு கொடுத்தாலும் தகும். வீட்டில் எதற்கு? நேற்று இதில் யார் படுத்தார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவரேதான் படுக்கப் போகிறார். நாளைக்கும் வேறு ஆள் வந்துவிடப் போவதில்லை.

வங்கிக்காரரிடம் அத்தாட்சி, சீல் என்று பேசினால் எடுபடாமல் போகுமா? உடன்படிக்கை ஏற்பட்டது. கரித்துணி, துண்டு, எங்கள் படுக்கை, மூன்றுக்கும் விலக்கு. தலையணை உறை அவர் இஷ்டம். விருந்தாளி அறைப் படுக்கைக்கு மட்டும் முழு மரியாதை.

முதல் விருந்தாளியாக மாயவரத்திலிருந்து அவருடைய அத்தை வந்தார். இவர் கரூரில் வாங்கிய வெள்ளை விரிப்பைக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, தண்ணீர் தெளித்துத் தேய்த்து, சீல் கலையாமல் விரித்து வைத்தார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார். "என்னப்பா, அப்பளம் மாதிரி மொடமொடங்குது? படுத்தா கலைஞ்சிடாதா?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து வெளுத்துப்போன பழைய நூல் புடவை ஒன்றை எடுத்தார். நாலாய் மடித்து விரிப்பின்மேல் போட்டார். தலையை வைத்ததும் குறட்டை கேட்டது.

காலையில் புடவையைச் சுருட்டி அவர் பைக்குள் திணித்தபோது, அடியில் இருந்த விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. இவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்.

"பாத்தியா? நல்லாத் தேய்ச்சா, ஒரு ராத்திரி படுத்து எழுந்தாக்கூட இப்படித்தான் நிக்கும்."