பட்டா உங்களுக்கு, பாதாளம் எங்களுக்கு

1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டத்தைப் போல விவசாயியை மதித்த சட்டம் வேறில்லை. நிலத்தைப் பிடுங்குவதே கிடையாது. பயன்பாட்டு உரிமை மட்டும் போதுமாம். பட்டா உங்கள் பெயரில். தீர்வையும் நீங்களே கட்டலாம். குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மற்றபடி ராஜா நீங்கள்தான். இதற்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம் வேறு!

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்தாருக்கு இந்தப் பெருந்தன்மை புரியவில்லை. இந்தச் சட்டப்படி வயல் வழியே வந்த கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயைச் சாலையோரம் கொண்டுபோகச் சொன்னார்கள். 2013-இல் தமிழக அரசும் அதையே சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

இவ்வளவு நல்ல சட்டம் வயலோடு நின்றுவிடுவது அநியாயம். பெரிய அதிகாரிகளின் வீட்டு ஹாலுக்கும் நீட்டலாம். வீடு அவர் பெயரில்தான் இருக்கும். நடுவில் சோபா போடக் கூடாது, குழந்தை குதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த குழாய் தங்கள் வயலுக்கு வருமோ என்று விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் கவலைப்பட வேண்டாம். மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் குடைந்த கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்கு யாரும் கட்டுமானம் செய்ய முடியாது; தொல்லியல் சட்டம் அப்படி. ஆகவே அளவுக்கல் நட ஆள் வருமுன், பம்புசெட் சுவரில் நாலு வரி பல்லவ கிரந்தம் வெட்டி வையுங்கள். கொஞ்சம் தேய்ந்திருந்தால் இன்னும் நல்லது.