நெத்தி லைட்டு இலக்கணம்: கிட்டத்துக்கும் நடுத்தூரத்துக்கும் ஆன ஒளி குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

குண்டுமல்லி விடியும்வரை காத்திருக்காது. மொட்டு விரிவதற்குள் பறித்து, மார்க்கெட்டுக்குப் போகும் வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஆகவே போச்சம்பள்ளி, பாரூர், காவேரிப்பட்டணம் பக்கம் பூப்பறிக்கிறவர்கள் கோழி கூவுமுன் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் விளக்கு தலைக்கு ஏறியது. அந்த நெத்தி லைட்டைத் தேர்ந்தெடுக்க இலக்கணம் இல்லாத குறையைத் தீர்க்கவே இந்நூல் செய்யப்பட்டது. கேட்போர்: பூப்பறிப்போர், மடை திறப்போர், ஸ்கூட்டருக்கு அடியில் படுத்து வேலை பார்ப்போர். பயன்: கண் கூசாமை.

முன்னோர் மொழிந்தவை

தென்பெண்ணை ஆறு இந்தப் பகுதியைக் கடந்து திருக்கோவலூர் போகிறது. அங்கே ஒரு மழை இரவில், குறுகலான இடைகழியில், முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்றதாக வைணவ மரபு சொல்லும். பொய்கையாழ்வார் வையத்தை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டு விளக்கேற்றினார். பூதத்தாழ்வாரோ அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கினார். விளக்கியல் நோக்கில் முன்னது சேய்மை விளக்கு, பின்னது அண்மை விளக்கு. மூவர் நிற்கும் அளவே உள்ள இடத்துக்குச் சூரியன் அதிகப்படி. இரண்டாவது விளக்கு தேவைப்பட்டது அதனால்தான் என்று துணியலாம்.

இருவரும் விளக்கைத் தலையில் மாட்டவில்லை. அந்தப் பழக்கம் சுரங்கத்திலிருந்து வந்தது. மின்கலத்தை இடுப்பிலும் விளக்கைத் தொப்பியிலும் வைத்த சுரங்க விளக்கை எடிசன் 1914 வாக்கில் கொண்டுவந்தார். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் நமக்கு மாநில எல்லைக்கு அப்பால்தான். ஆயினும் தங்கத்துக்கும் மல்லிக்கும் வேறுபாடு உண்டு: தங்கம் மறுநாளும் வாடாது.

திணை வகுத்தல்

அண்மைத் திணை: நிலம், கை நீட்டும் தூரம், அதாவது அரை மீட்டர். பொழுது, வைகறை. கருப்பொருள், மொட்டு, மொட்டுப்புழு, கொசு. உரிப்பொருள், பறித்தல்.

நடுத்தூரத் திணை: நிலம், அடுத்த வரிசை முதல் மோட்டார் கொட்டாய் வரை. பொழுது, மும்முனை மின்சாரம் வரும் யாமம். கருப்பொருள், வரப்பு, மடை, கட்டுவிரியன். உரிப்பொருள், பார்த்து நடத்தல்.

சேய்மைத் திணை: நிலம், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பொழுது, நண்பகல். கருப்பொருள், விற்பவர். உரிப்பொருள், “அரைக் கிலோமீட்டர் அடிக்கும் சார்” எனப் பெருமை பேசல்.

கணக்கியல்

டார்ச் லைட்டுகளுக்கான எஃப்எல்-1 என்ற அமெரிக்கத் தர அளவுகோல், வெளிச்சம் 0.25 லக்ஸாகத் தேய்ந்துபோகும் இடத்தைத்தான் விளக்கின் ‘தூரம்’ என்கிறது. அது தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலவின் அளவு. ஆக, 500 மீட்டர் லைட்டு விற்பவர் விற்பது 500 மீட்டருக்கு அப்பால் கொஞ்சம் நிலா வெளிச்சம். அது மாதம் ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது.

இனி மொட்டுக்கு வருவோம். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்காகும். அரை மீட்டர் என்பது 500 மீட்டரைவிட 1,000 மடங்கு கிட்டம். எனவே வெளிச்சம் 10 லட்சம் மடங்கு, அதாவது 2,50,000 லக்ஸ். உச்சிவெயிலே சுமார் 1,00,000 லக்ஸ்தான். ஒளிக்கற்றை முழுதாகக் குவியாத அருகாமையில் இந்த எண் குறையும் என்று இயற்பியல் ஆசிரியர்கள் மறுப்பார்கள். அவர்கள் விடிகாலை மூன்று மணிக்குப் பூப்பறித்ததில்லை.

இரண்டரை வெயிலைப் பார்த்த கண் நிமிர்ந்து வரப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டுக்கு முழுதாகப் பழக அதற்கு அரைமணி நேரம் வரை பிடிக்கும். கட்டுவிரியன் அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நிறவியல்

மொட்டுப்புழு விழுந்த மொட்டு ஊதா பாரிக்கும். சிவப்புக் கூறு குறைந்த மலிவு எல்.இ.டி.யின் நீல வெளுப்பில் அந்த ஊதா மங்கிச் சாம்பலாகத் தெரியும். நல்லதும் கெட்டதும் ஒரே மடியில் சேரும். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 100க்கு 90ஐ ஒட்டியிருந்து, ஒளியும் மஞ்சள் சாய்ந்திருந்தால் இக்குழப்பம் குறையும். நீல ஒளிக்கு வருகிற அளவு பூச்சி மஞ்சளுக்கு வராது. விளக்கு நெற்றியில் இருக்கும்போது பூச்சி கடைசியில் வந்து சேரும் இடம் வாய் என்பதை நினைவில் கொள்க.

தடையும் விடையும்

தடை: மங்கலான விளக்கு மடைக்கு எட்டுமா?

விடை: அரை மீட்டரை விட்டு ஐந்து மீட்டர் போனால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே விளக்குக்கு இரண்டு நிலை வேண்டும்: பறிக்க மங்கலாய் அகன்று விரிவது, நடக்கச் சற்றே குவிவது. மாற்றும் பொத்தான் ஈரக்கைக்கும் தட்டுப்பட வேண்டும். அமுக்கியதும் முதலில் மங்கல் எரிய வேண்டும்.

தடை: பிரகாசம் கூடினால் என்ன கெட்டுவிடும்?

விடை: உறவு கெடும். நெத்தி லைட்டு பேசுகிறவரின் முகத்தோடு திரும்பும். அடுத்த வரிசையிலிருந்து, “அக்கா, கண்ணுல அடிக்குது, லைட்டக் கீழ எறக்கு!” என்று குரல் வரும். “ஏன்டி, என்ன சொன்ன?” என்று அக்கா இன்னும் நன்றாகத் திரும்புவார். நெற்றிக்கண் வெப்பம் தாளாமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கதை திருவிளையாடலில் உண்டு. நம் தோட்டங்களில் குளமும் கிடையாது. கீழே சாய்க்கும் கீல் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.

எடையியல்

18650 என்று பொறித்த மின்கலம் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது, எடை 45 கிராமுக்கு மேல்; அதை நெற்றிதான் சுமக்க வேண்டும். அதில் அடங்குவது பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்குள்தான். ‘9,900’ என்று அச்சிட்டிருந்தால் அதைப் புனைவிலக்கியத்தில் சேர்க்க. போச்சம்பள்ளி போல மின் ஸ்கூட்டர் ஆலை உள்ள ஊர்க்காரர்கள் மின்கலக் கணக்கில் ஏமாறுவது அழகல்ல.

முடிபு

அகலமும் மங்கலும் சாய்வும் மஞ்சளும்
எடையது குறைவும் இவையுடைத் தாயின்
நெற்றிக் காகும், நெடுந்தூரம் போவது
சந்தைக் காகும் என்மனார் பறிப்போர்.

இதற்குச் சந்தையிலேயே சோதனை உண்டு. வெயிலில் எந்த லைட்டும் நல்ல லைட்டுதான். ஆகவே ஒரு ஊதாக் கத்தரிக்காயும் ஒரு சாக்கும் வாங்கிக்கொள்க. லைட்டை மாட்டி, சாக்குக்குள் தலையை விட்டு, கை நீட்டிக் காயைப் பார்க்க. காய் ஊதாவாகத் தெரிந்து, கண்ணும் கூசாவிட்டால் விலை பேசலாம். சுற்றிக் கூட்டம் கூடினால் கலங்க வேண்டாம். தலையை வெளியே எடுக்கும் முன் லைட்டை மட்டும் அணைத்துவிடுக.