லயத்துப் பின்பக்கம் காய்கறித் தோட்டம் போடுவது எப்படி?

முதலில் நல்ல வெயில் படும் நிலமாகத் தெரிவுசெய்யுங்கள் என்றுதான் எல்லாக் கையேடுகளும் தொடங்கும். நுவரெலியாப் பக்கத்து வாசகர்கள் பயப்பட வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் கான். கானுக்கும் தேயிலைக்கும் நடுவில் இரண்டு பாய் விரிக்கிற இடம் இருக்குமே, அதுதான் உங்கள் நிலம். நிர்வாகம் கேட்கும்வரை உங்களுடையது. அதனால் மரமெல்லாம் வேண்டாம். ராபு, போஞ்சி, கரட் என்று சட்டுப்புட்டென்று பிடுங்கக்கூடியதாகப் போடுங்கள். லீக்ஸ் போடுவதற்கு மனத்துணிவு வேண்டும், அது மாசக்கணக்கில் நிற்கும். ஏழு பேர்ச் காணி தருவதாகச் சொல்லப்பட்டவர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்து, அடுத்த தேர்தல் வரும்போது எடுத்து வாசிக்கலாம்.

முதல் போகம் பிழைத்தால் வெட்கப்படாதீர்கள். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரத் துரை 1848இல் இங்கே பண்ணை போட வந்தார். ஏக்கர் கணக்கில் காணி. மாடு, கலப்பை, கொல்லன் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. கிழங்கைப் புழு பார்த்துக்கொண்டது, மிச்சத்தைக் காட்டு மிருகம். அந்தக் கதையையும் சேர்த்து அவர் 1855இல் புத்தகம் போட்டார். உங்கள் கரட்டைப் பன்றி கிளறினால் நீங்கள் ஒரு மனு போடலாம்.

ஜனவரி, பெப்ரவரியில் பனி உறையும். விடிய வெள்ளையாகக் கிடக்கிற புல்லை, சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். வெயில் ஏறினதும் போஞ்சி இலை அவித்த கீரையாட்டம் தொங்கிவிடும். முதல்நாள் பின்னேரமே பழைய படங்கு, சாக்கு எது கிடைத்தாலும் போர்த்துங்கள். தவறினால் வெயில் படுமுன் இலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள். இது ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்வது.

உரத்துக்கு, மாடு வைத்திருக்கும் பக்கத்துக் காம்பராக்காரரோடு சண்டை போடாதீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. அந்த மாதங்களில் சாணத்தின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது.

இனி நேரம். 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கிற அக்காவுக்கு வெள்ளிக்கிழமையும் பெரட்டு உண்டு. கொழுந்து நிறுத்துக் கொடுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டுவதற்குள் எவ்வளவு வெளிச்சம் மிச்சமோ அதுதான் அவருடைய வெள்ளிக்கிழமை.

விதைப் பைக்கற்றோடு படம் எடுக்க வருகிற ஐயாமாருக்கு ஒரு வார்த்தை. முள்ளுக் குத்தவும் கான் வெட்டவும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த தடவை வரும்போது காணி உறுதியைக் கொண்டுவாருங்கள்.