வயிறு மேலேயா, கீழேயா?

ஞாயிற்றுக்கிழமை பிடித்த கழுத்து இன்னும் விடவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் முழு ஆளாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. மரியாதையாகத் திரும்புகிறேன் என்று தெருவில் நினைக்கிறார்கள். எல்லாம் சென்னையிலிருந்து எங்கள் ஆரம்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்து ஷாமியானா போட்ட இலவச வகுப்பின் புண்ணியம். யோகாவும் பிலாட்டீஸும் கலந்து கொடுத்தார்கள். தினசரி நடமாட்டத்துக்கு நல்லதாம். இந்தக் கலவையால் நிஜமாகவே மூன்று நன்மைகள் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் வயிற்று விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

ரப்பர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்று சொருகியிருக்கும். அதை விரித்து மல்லாந்து படுத்தாயிற்று. மாஸ்டர் இளைஞர், வயிறு என்ற உறுப்பே இல்லாதவர். “மூச்சை இழுங்க, வயிறு பலூன் மாதிரி மேல வரட்டும்” என்றார். வந்தது. எனக்கு இழுக்காமலே வரும். இது யோகா. மறு நிமிடமே, “தொப்புளை முதுகெலும்போட ஒட்டுங்க. ஒட்டினபடியே மூச்சை இழுங்க, விலா மட்டும் பக்கவாட்டுல விரியணும்” என்றார். இது பிலாட்டீஸ். என் விலா பிறந்ததிலிருந்து அப்படியொரு வேலை பார்த்ததில்லை. “மூக்கால விடுங்க” என்றால் யோகா. “வாயால விடுங்க” என்றால் பிலாட்டீஸ். நடுநடுவே “இயல்பா விடுங்க” என்றார். அது எந்தக் கட்சி என்று தெரியவில்லை. வயிற்றை மேலே அனுப்பி அது போய்ச் சேர்வதற்குள் கீழே வரச் சொல்லி உத்தரவு. இறங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி மேலே. பக்கத்துப் பாயில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற நண்பர் படுத்தபடியே கையைத் தூக்கினார். “சார், இப்ப வயிறு மேலயா, கீழயா?” “ஃப்ளோவுல வரும் சார்.” வரவில்லை. நண்பர் தன் வயிற்றைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, மேலிடத்து முடிவுக்காகக் காத்திருந்தார். இத்தனை வருட சர்வீஸில் அவர் கற்றது அது. நான் மூச்சையே நிறுத்தினேன். மாஸ்டர் என்னைப் பார்த்து “சூப்பர் கன்ட்ரோல்” என்றார்.

இந்த இரண்டு வழியின் பெரியவர்கள் இருவரையும் குறை சொல்ல முடியாது. ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் பிடித்து மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் சும்மா இராமல் உடற்பயிற்சியை வளர்த்து, பிறகு அதை நியூயார்க்கில் கடை விரித்தார். யோகாவுக்கு நம் கிருஷ்ணமாச்சாரியார், 1888-இல் பிறந்தவர். மைசூர் அரண்மனையில் சொல்லிக்கொடுத்து, சென்னைக்குக் குடிவந்து, நூறைத் தாண்டி 1989-இல் காலமானார். யோகா ஆசிரியர்களான ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான். இவர் வழி இவருக்கு, அவர் வழி அவருக்கு. யாரும் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே தொப்பையில் குடிவைத்தது நம் காலத்துக் கெட்டிக்காரத்தனம்.

அடுத்து பிலாட்டீஸின் ‘ஹண்ட்ரட்’. படுத்தபடி தலையையும் காலையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். பத்துச் சுற்று, ஆக நூறு. “தலையைக் கழுத்தால தூக்காதீங்க, வயித்தால தூக்குங்க.” வயிறு எங்கே ஓய்வாக இருந்தது? அது முதுகெலும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்துதான் போனது.

மூன்று நன்மைகள் இருக்கின்றன, மறக்கவில்லை.

ஒற்றைக்காலில் நிற்கும் கட்டம் வந்ததும் மாஸ்டர் ஏரியைக் காட்டினார். “அந்தப் பூநாரைங்களைப் பாருங்க, என்ன ஒரு பேலன்ஸ்!” 2017-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கப் பூநாரை தசையை அநேகமாக வருத்துவதே இல்லை. உடம்பின் எடையே மூட்டுகளை நிலைநிறுத்திவிடுகிறது. செத்த பூநாரையை நிறுத்திப் பார்த்தார்கள், அதுவும் நின்றது. செத்த பிறகும் செய்யக்கூடியதை எனக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். நானோ உயிரோடு ஷாமியானாக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இதைக்கூட மன்னிப்பேன். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது, வலை வலிக்கும் ஆட்களைக் காட்டி, “இவங்களுக்கு வகுப்பே தேவையில்ல சார், தொழிலே பிலாட்டீஸ்” என்று வீடியோ எடுத்தாரே, அதுதான் எரிச்சல். சேற்றில் கால் புதைய நின்று வலை வலிக்கிறவனிடம் முதுகெலும்பை எந்தக் கோணத்தில் வைத்தாய் என்று யார் கேட்பது? எங்கள் இந்தப் பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உண்டு. முறை வைத்துத்தான் வலை போடலாம். தன் பாடு வரும் நாளில் இடுப்பு வலி என்று படுத்துக்கொள்ள முடியுமா? ஏரியிலும் கழிமுகத்திலும் இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தக் கழுத்துக்கு ஒரு ஹண்ட்ரட் போதுமா? இவர்களில் ஒருவரையும் அன்றைக்குப் பாயில் படுக்கச் சொல்லவில்லை. படுத்ததெல்லாம் என்னைப் போலப் பென்ஷன் வாங்கி நாற்காலியில் தேய்ந்த முதுகுகள்.

டீக்கடை ஓரம் நின்ற மீன்காரர் ஒருவர் மாஸ்டரிடம் வந்தார்.

“தம்பி, குனிஞ்சா நிமிர முடியல. அதுக்கு எதனா இருக்கா?”

“இருக்குண்ணா. ஆன்லைன் பேட்ச், தினம் காலைல ஆறரைக்கு.”

“அந்நேரம் நான் தண்ணியில இருப்பேனே.”

மாஸ்டர் யோசித்தார். “ரெக்கார்டிங் அனுப்புறேன்ணா. நம்பர் சொல்லுங்க.”

மீன்காரர் தன் சட்டைப் பையிலிருந்து, தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பட்டன் போனை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.